தனியாகப் பிரித்தெடுத்த பேஸ்

அந்தக் கதையைச் செல்வின் பல வருஷங்களாகவே முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை, தன்னிடமும் சேர்த்து. பத்ரி சார் சொல்லிவந்த கதை அது. சின்னக் கதைதான். மழைப் பாட்டின் ஒலிப்பதிவு முடிந்து, செல்வின் தன் பேஸ் கிட்டாரை ரெக்ஸின் உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, இசையமைப்பாளர் பேஸை மட்டும் தனியாகப் போடச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, 'இதுல யாரும் கை வைக்க வேணாம், இப்படியே இருக்கட்டும்' என்றாராம். அவ்வளவுதான். அப்போது அந்த அறையில் இருந்தவர்களில் இசையமைப்பாளர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒலிப்பதிவாளரும் போய்விட்டார். உதவியாளராக இருந்த பத்ரி சார் ஒருவர்தான் மிச்சம். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, டீக்கடையில், டாக்ஸியில், கல்யாண மண்டபத்தில், மழை வந்தால் எல்லோருடைய கைபேசியிலும். கேசட் உறையில் பாடியவர் பேர் உண்டு, எழுதியவர் பேர் உண்டு, பேஸ் வாசித்தவன் பேரை எந்தக் காலத்தில் யார் போட்டார்கள்? ஆகவே அந்தப் பாட்டுக்கு வாசித்தது செல்வின்தான் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் பத்ரி சாருடைய வாய். அந்த வாயோ சும்மா இருக்கவில்லை. முதலில் சொன்னபோது இசையமைப்பாளர் வெறுமனே தலையாட்டினார். சில வருஷம் கழித்து மேஜையைத் தட்டினார். அப்புறம் கண் கலங்கினார். போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னபோது 'யாருய்யா அந்தப் பையன்' என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இன்னும் கொஞ்ச காலம் விட்டால் செத்தவர் படியிறங்கி ஓடிவந்து பஸ் ஸ்டாப்பில் செல்வினுக்குக் குடை பிடித்திருப்பார்.

இன்றைக்கு அந்தக் கதையைப் பத்ரி சார் கேமரா முன்னால் சொல்ல வேண்டும், இன்டர்நெட்டில் போடுவதற்காக. பழைய மகாபலிபுரம் சாலையில், ஜன்னலில் காகம்கூட வராத உயரத்தில், பிரணவ் என்கிற சாஃப்ட்வேர்க்காரனின் வீடு. படுக்கையறையாக இருக்கவேண்டிய அறையில் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டி, பேஸ் கிட்டார்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். கறிக்கடை மாதிரி இருக்கிறது என்று செல்வினுக்குத் தோன்றியது. பிறகு, இல்லை, கறிக்கடையில் தொங்குவதையாவது பொழுது சாய்வதற்குள் யாராவது வாங்கிப்போய்ச் சமைப்பார்கள் என்று தோன்றியது. ஐந்து தந்தி, ஆறு தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளைப் பிடுங்கி வழவழப்பாக்கியது, மரத்தை நெருப்பில் காட்டிக் கருக்கியது, புதுசாக வாங்கி வேண்டுமென்றே சுரண்டிப் பழசாக்கியது. பழசாக்கித் தருவதற்கென்றே பெங்களூரில் ஆள் இருக்கிறானாம். மனுஷனுடைய வியர்வையும் பஸ் கம்பியும் மேடையில் சாய்ந்து விழும் மைக் ஸ்டாண்டும் சேர்ந்து போடவேண்டிய தழும்பை எவனோ ஒருத்தன் ஏ.சி.யில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துப் போட்டுத் தருகிறான், அதைத் தடவிப் பார்த்து இவன் பூரித்துப் போகிறான். தரையில் காலால் மிதிப்பதற்கு ஒரு பலகை நிறையப் பெடல்கள், பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிய. இத்தனையையும் மிதித்து இவன் வாசித்ததைச் செல்வின் வந்தவுடனே கேட்டாயிற்று. சர்ச்சில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள்கூட தாளத்தில் அதைவிட நேராக நடக்கும். 'அங்கிள், வெயிட் பாருங்க. உங்க பேஸ் மாதிரியே இருக்கா?' என்று பிரணவ் இப்போது குனிந்து நின்று கேட்டான். செல்வின் மடியில் இருந்தது செல்வினின் பேஸ் மாதிரி செய்யப்பட்ட பேஸ். 'இருக்கு' என்றான் செல்வின். உள்ளபடியே இருந்தது, அதுதான் அருவருப்பாக இருந்தது. தன்னை மாதிரியே உடை உடுத்தி, தன்னை மாதிரியே இருமுகிற ஒருத்தன் மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி.

சில மாதங்களுக்கு முன்னால் பிரணவ் பெரம்பூரில் செல்வினின் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய அசல் பேஸை இறக்கச் சொல்லி, தையற்காரன் பிணத்துக்கு அளவெடுப்பதுபோல் மத்தியானம் முழுக்க அளந்தான். ஜப்பானில் செய்தது அது. ஹோட்டல் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த ரெஜி என்பவன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது செல்வினிடம் தள்ளிவிட்டுப் போனான். கழுத்து வளைந்திருந்தது. தந்தியின் அதிர்வைச் சத்தமாக்குகிற பிக்-அப் ஒன்று செத்திருந்தது. அதற்குப் பதில் வேறொரு கிட்டாரிலிருந்து கழற்றியதைப் பொருத்தினான். இரண்டு குமிழில் ஒன்று காணாமல் போயிருந்தது. வீட்டில் கெட்டுக் கிடந்த ரேடியோவின் குமிழைப் பிடுங்கிச் சொருகினான். வக்கில்லாமல் செய்த இதையெல்லாம் பிரணவ் வரம் வாங்கிய மாதிரி குறித்துக்கொண்டான். அதே ரேடியோவின் குமிழை எங்கேயோ தேடிப் பிடித்து இதோ இந்தப் புது பேஸில் மாட்டியிருக்கிறான். தந்திகளைப் பற்றி விசாரித்தபோதுதான் சிரிப்பை அடக்க முடியவில்லை. புதுத் தந்தி வாங்க வழியில்லாத காலத்தில் பழசைக் கழற்றிச் சுருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். அழுக்கும் பிசுக்கும் போய், இரண்டொரு கச்சேரிக்கு உயிர் திரும்பும். செல்வினும் போட்டிருக்கிறான், அம்மா சோறு வடிக்கிற பானையில். 'என்ன தண்ணி அங்கிள்? போர் வாட்டரா, மெட்ரோ வாட்டரா? உப்பு இருந்தா டோன் மாறும் இல்ல?' என்றான் பிரணவ். 'லாரித் தண்ணி' என்றான் செல்வின். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னது. அவன் அதைக் கைபேசியில் குறித்து இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டான். இப்போது உலகத்தில் எந்த மூலையிலோ எவனோ ஒருத்தன் லாரித் தண்ணீருக்கு அலைந்துகொண்டிருப்பான். சொல்கிறவன் போகிற போக்கில் சொல்லிவிடுகிறான், கேட்கிறவனுக்கு அது வேதமாகிவிடுகிறது, என்று நினைத்தவன், அந்த நினைப்பு தன் பக்கம் திரும்புவதைக் கண்டு அதை அங்கேயே விட்டுவிட்டு, முதல் தந்தியைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தான்.

சோபாவில் பத்ரி சார் மோர் குடித்துக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, காது பாதி போய்விட்டது, ஆனால் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. 'ஏம்ப்பா பிரணவ், இந்த டப்பாவெல்லாம் என்ன பண்ணும்?' என்று பெடல்களைப் பார்த்துக் கேட்டார். 'ஒண்ணொண்ணும் ஒரு சவுண்டு சார்.' 'நம்ம செல்வின்கிட்ட ஒரு டப்பாவும் கெடையாது. சவுண்டு எங்கேர்ந்து வந்துதுங்கறே? விரல்லேர்ந்து.' இதையும் பத்ரி சார் வழக்கமாகச் சொல்வதுதான். விரலிலிருந்து. செல்வினே இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான்! அவனிடம் பேஸ் கற்றுக்கொள்ள வகுப்புக்கு வருகிற பையன்கள் புதுப் பெடலைத் தூக்கிக்கொண்டு வந்தால், உறையிலிருந்து எடுக்கவே விடமாட்டான். கல்யாணக் கச்சேரிக்குக் கூப்பிட்டால், பதிவு செய்த டிராக்கைப் பின்னால் ஓடவிட்டு முன்னால் நின்று ஆட்டுகிற கூட்டத்தோடு நான் நிற்க மாட்டேன் என்பான். டெலிவிஷன் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது கீபோர்டில் பேஸ் வாசிக்கிறவன் ஒருத்தனும் இருப்பான் என்று தெரிந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். 'அதுக்கென்னங்க, அவன் பாட்டுக்கு அவன் வாசிக்கிறான், உங்க பாட்டுக்கு நீங்க வாசிங்க' என்று மனைவி ஹெலன் சொன்னாள். 'அது வாசிக்கிறது இல்லை, டைப் அடிக்கிறது' என்றான். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப் அடித்துத்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள், அப்படியே பல வருஷம் ஓட்டினாள். எல்லோரையும் இப்படி இளக்காரமாகப் பார்ப்பதற்கு ஒரு மனுஷனுக்குக் காலுக்குக் கீழே கெட்டியாக ஏதாவது வேண்டுமல்லவா? செல்வினுக்கு அந்த மழைப் பாட்டு இருந்தது. அந்தப் பாட்டுக்கு வாசித்தவன் இதையெல்லாம் தொடலாமா? தொடக்கூடாது. தொடவில்லை. எதையும் தொடாமலே ஐம்பதைத் தாண்டியாயிற்று.

நெருடல் எப்போதும் ஒரே இடத்தில்தான். நாலு தந்தி பேஸில் கனமான தந்தியை வெறுமனே மீட்டினால் 'ஈ' என்கிற ஸ்வரம் வரும். அதற்குக் கீழே போக வழி கிடையாது. மழைப் பாட்டில் இரண்டாவது இடையிசை முடிந்து சரணம் எடுப்பதற்கு முன்னால் பேஸ் மட்டும் படிப்படியாக இறங்கும். இறங்கி, அந்த 'ஈ'யையும் தாண்டி, 'டி'யில் போய் உட்காரும். கேட்கிற ஜனங்கள் அந்த இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள். செல்வினும் மூடிக்கொள்வான், வேறு காரணத்துக்காக. அந்தத் தந்தியின் சாவியைத் தளர்த்தி ஒரு ஸ்வரம் கீழே இறக்கிவிட்டு வாசித்தால் வரும். இறக்கினேனா? அந்த நாளைக் கண்ணுக்குள் கொண்டுவந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் வழுக்கைத் தலை தெரிகிறது, ஹெட்போனில் முந்தின ஆளின் தலையெண்ணெய் வாசனை வருகிறது, நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சாவி மட்டும் ஞாபகத்தில் இல்லை. இறக்கியிருந்தால் மற்ற இடங்களில் விரலை மாற்றி வைத்திருக்க வேண்டும், அது மறக்குமா? மறக்கலாம். சின்ன வயசு, பயம். ஒருமுறை பத்ரி சாரிடம் பட்டும் படாமலும் கேட்டதற்கு, 'நீதான் எறக்கினே, நான் பார்த்தேனே' என்றார் கொஞ்சமும் யோசிக்காமல். யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

'அங்கிள், ஷூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு சர்ப்ரைஸ்' என்றான் பிரணவ். முழுப் பாட்டையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் குரல் தனி, தபலா தனி, வயலின் தனி என்று பிரித்துத் தருமாம். மழைப் பாட்டைப் பிரித்து பேஸை மட்டும் வைத்திருக்கிறானாம். 'உங்க பார்ட்டை மட்டும் நீங்களே கேட்டிருக்க மாட்டீங்க இல்ல?' கேட்டதில்லை. கேட்டவர் ஒருத்தர்தான், அவரும் பத்ரி சாருடைய கதைக்குள் உட்கார்ந்து கேட்டவர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பிரணவ் பட்டனைத் தட்டிவிட்டான். மழையும் இல்லை, பாடகியும் இல்லை, வயலின்களும் இல்லை. சுவரோரம் நின்ற பெரிய ஸ்பீக்கரிலிருந்து பேஸ் மட்டும் உடுத்தியதையெல்லாம் களைந்துவிட்டு வந்து நடு அறையில் நின்றது. வரிசை அவனுடையதுதான். அந்த வளைவு, அந்த ஒரு இடத்தில் தாளத்துக்கு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குறும்பு, எல்லாம் அவன் அன்றைக்குக் கையில் கொண்டுபோனவைதான். நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது. பிறகு காது வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. விரல் தந்திமேல் நகர்ந்தால் ஒரு உரசல் வரும். விரலை எடுத்தால் தந்தி லேசாக முனகும். அவனுடைய அந்த ஓட்டை பேஸோ சும்மா இருக்கும்போதே ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ரீங்காரம் போடும், 'அந்த வண்டை வெளியே விடுப்பா' என்று ஒலிப்பதிவாளர் கத்துவார். வண்டு எங்கே? எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி பிறந்து ஒரே மாதிரி செத்தன. மெத்தென்று, வட்டமாக, அச்சில் வார்த்ததுபோல. கடைசியில் அந்த இறக்கம் வந்தது, 'ஈ'யைத் தாண்டியது, 'டி'யில் உட்கார்ந்தது. தளர்ந்த தந்தி கொஞ்சம் கொழகொழக்கும், கொஞ்சம் அலையும். இது அலையவே இல்லை. கல்லைப்போல் உட்கார்ந்தது.

'கேட்டீங்களா, ஒவ்வொரு நோட்டும் முடியற இடத்தை?' பிரணவ் கையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்கிற மாதிரி நின்றான். 'ஒரு ஃபிங்கர் நாய்ஸ் கெடையாது. எப்படி அங்கிள் அவ்வளவு கிளீனா மியூட் பண்ணீங்க? இப்ப யாராலயும் இப்படி வாசிக்க முடியாது.' 'முடியாதுதான்' என்றான் செல்வின். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. முட்டாளே, இதற்காகவா பெங்களூருக்கும் ஜப்பானுக்கும் எழுதிப்போட்டாய்? இதற்காகவா ரேடியோ குமிழைத் தேடினாய்? இந்தச் சத்தத்துக்கு மரம் கிடையாது, பிக்-அப் கிடையாது, தந்தியே கிடையாது, எந்த லாரித் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் இது வராது. கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டையை விரலால் அமுக்கினால் போதும். இதை இப்போதே சொல்லி இவன் முகம் என்ன ஆகிறதென்று பார்க்க ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் இந்தச் சத்தத்தை நம்பி இவன் செய்தது ஒரு கிட்டார்; நான் செய்தது? உடனே மனசு மாற்று வழி தேடி ஓடியது. கம்ப்யூட்டர் பிரிக்கும்போது உரசலையெல்லாம் தின்றிருக்கும். வண்டையும் தின்றிருக்கும். சரி, 'டி'யை எங்கிருந்து கொண்டுவந்தது? சாவியை இறக்கியிருப்பேன். இறக்கியிருந்தால் கொழகொழப்பு? அதையும் தின்றிருக்கும். இப்படி வேண்டாததை எல்லாம் தின்று வேண்டியதை மட்டும் துப்புகிற யந்திரம் பிரணவ் வீட்டில் மட்டும்தானா இருக்கிறது என்று நினைக்கும்போது, இத்தனை வருஷமாக ஒருதரம்கூட எட்டிப் பார்க்காத ஒன்று எட்டிப் பார்த்தது. அன்று அவன் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவின் குறுகலான படியில் இறங்குகிறான். எதிரே இரண்டு ஆட்கள் நீளப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறி வருகிறார்கள். பின்னாலேயே கீபோர்டுக்காரன், 'வழி, வழி' என்று. செல்வின் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழி விட்டான். பெட்டி ஒன்று அவன் முழங்கையில் இடித்தது. 'சாரி தம்பி' என்றான் கீபோர்டுக்காரன். 'பரவால்லண்ணே' என்றான் இவன். அப்புறம் தெருவுக்கு வந்து சந்தோஷமாக டீ குடித்தான்.

'ரோலிங்' என்றான் பிரணவ். கைபேசி ஒரு முக்காலியின்மேல் நின்று அவர்கள் இருவரையும் பார்த்தது. முதலில் பத்ரி சார் சொல்லட்டும், பிறகு அங்கிள் வாசிக்கட்டும் என்று ஏற்பாடு. பத்ரி சார் மோர் தம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். 'செல்வினை இன்னிக்கு நேத்தா பாக்கறேன்? ஒல்லியா, தலை நெறைய முடியோட வருவான். இவன் கிட்டாரைத் தூக்கிண்டு வரானா, கிட்டார் இவனைத் தூக்கிண்டு வரதான்னு இருக்கும்' என்று ஆரம்பித்தார். பிரணவ் சத்தம் வராமல் சிரித்தான். கதை அதன் தடத்தில் போயிற்று, தலையாட்டல், மேஜை, கண்ணீர், நாற்காலி. இன்றைக்குப் புதுசாக, இசையமைப்பாளர் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் கும்பிட்டார். செல்வினுக்குக் கோபம் வரவில்லை. பத்ரி சாருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கதை சொல்லும்போது அவர் ஏன் ஒருதடவைகூடத் தன்னைப் பார்ப்பதில்லை என்று இன்றுதான் கவனித்தான். இத்தனை காலமும் ஒலிப்பதிவு நடந்த அந்த நாளையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோமே, இவர் இதை முதன்முதலில் சொன்ன நாளை ஏன் தொடவே இல்லை என்ற கேள்வி அப்போது வந்தது. பாட்டு வெளியானபோது இவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ முறை படியில், கேண்டீனில் பார்த்து 'என்னப்பா' என்று கேட்டுப் போனவர், அப்போதும் சொல்லவில்லை. வருஷங்கள் கழித்து, வேலை வற்றிப்போய், செல்வின் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்ற ஒரு நாளில் சொன்னார். ஆள் சேர்க்கிற ஏஜெண்ட் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி, 'பேஸெல்லாம் இப்ப கீபோர்டுலயே வந்துடுது தம்பி, வீணா அலையாதீங்க' என்று சொல்லிப் போயிருந்தான். பேஸை அன்றைக்கே விற்றுவிட்டு ஹெலனின் அண்ணனோடு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்துவிடலாம் என்று செல்வின் பாதாம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். கேட்டைத் திறந்துகொண்டு பத்ரி சார் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். இவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், 'உனக்கு ஒண்ணு தெரியுமோ, அந்த மழைப் பாட்டு அன்னிக்கு நீ போனப்பறம்' என்று தொடங்கினார். பேஸ் விற்கப்படவில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போகவில்லை. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அவனுக்குச் சின்னவர்களாகத் தெரிந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அப்படியே தெரிந்தார்கள்.

'…அதான் இவனே ஒக்காந்திருக்கானே, கேட்டுக்கோங்கோ' என்று பத்ரி சார் முடித்தார். பிரணவ் செல்வினைப் பார்த்துக் கையசைத்தான், வாசிக்கச் சொல்லி. கைபேசியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. செல்வின் மடியிலிருந்த பேஸைப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். 'அங்கிள்?' என்றான் பிரணவ். செல்வின் கேமராப் பக்கம் திரும்பவில்லை. சோபாவை நோக்கிக் குனிந்து, பத்ரி சாருக்கு நன்றாகக் கேட்கிற காதின் பக்கமாக முகத்தைக் கொண்டுபோனான். பத்ரி சார் இப்போதுதான் அவனைப் பார்த்தார்.

'பத்ரி சார், இதை முதல் தடவை எங்கிட்ட சொன்னீங்களே, கேட் வாசல்ல, அன்னிக்கு என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?'